தீர்ப்புக்கு மறுநாள் என்ன நடக்கும்? உரிமைப் பாதுகாப்பில் மூன்று வழிகள்

உரிமைச் சட்டங்களை ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் உரிமைகளின் பட்டியலைத்தான் பார்ப்பார்கள். பேச்சுரிமை உண்டா, சமத்துவம் உண்டா என்று. பட்டியல் ஏறத்தாழ எல்லா ஜனநாயக நாட்டிலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒரு சட்டம் உரிமையை மீறுகிறது என்று தெரிந்த பிறகு யார், எத்தனை நாளுக்குள், என்ன செய்தாக வேண்டும், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதில்தான் நாடுகள் பிரிகின்றன. இங்கே அளவுகோல் அது ஒன்றுதான்.

நீதிமன்றமே ரத்து செய்வது

இந்தியா, தென்னாப்பிரிக்கா, கனடா இந்த வழியில் போகின்றன. இந்திய அரசமைப்பின் 13-ஆம் உறுப்பின்படி, அடிப்படை உரிமைக்கு முரணான சட்டம் அந்த முரண் உள்ள அளவுக்குச் செல்லாது. 32-ஆம் உறுப்பின்படி நேரே உச்ச நீதிமன்றத்துக்கே போகலாம். காகிதத்தில் இதைவிட வலுவான ஏற்பாடு கிடையாது.

ஓட்டை இருப்பது கீழே. இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதன் பிறகும் பல மாநிலங்களில் அதே பிரிவில் எஃப்.ஐ.ஆர். பதிவானது. 2021-இல் நீதிமன்றம் அதிர்ச்சி தெரிவித்தது. அப்பிரிவின் கீழ் யார் மீதும் வழக்கு நடத்தக் கூடாது என்று 2022 அக்டோபரில் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. காரணம் சதி எதுவுமில்லை. தீர்ப்பு ஒரு பிரிவின் உயிரை எடுக்குமே தவிர, சட்டப் புத்தகத்திலிருந்து அதன் எழுத்தை அழிக்காது. பிரிவு முழுதாக அச்சில் நிற்க, அது ரத்தான செய்தி அடிக்குறிப்பில் கிடந்தது. காவல் நிலையத்தில் அடிக்குறிப்பை யார் படிக்கிறார்கள்? எழுத்தை நீக்க நாடாளுமன்றம் திருத்தம் கொண்டுவர வேண்டும். அதற்கு எந்தக் கெடுவும் இல்லை.

தென்னாப்பிரிக்கா இதே வழியில் ஒரு கடிகாரத்தைப் பொருத்தியிருக்கிறது. அரசமைப்பின் 172-ஆம் பிரிவின்படி, சட்டம் செல்லாது என்று அறிவித்துவிட்டு, அந்த அறிவிப்பு நடைமுறைக்கு வருவதைக் கொஞ்ச காலம் தள்ளிவைக்கலாம். ஒருபாலினத் திருமண வழக்கில் 2005 டிசம்பர் 1 அன்று வந்த தீர்ப்பு நாடாளுமன்றத்துக்கு 12 மாதம் கொடுத்தது. அதற்குள் சட்டம் வராவிட்டால், திருமணச் சட்டத்தில் ‘அல்லது வாழ்க்கைத் துணை’ என்ற சொற்கள் தாமாகவே சேர்ந்ததாகக் கொள்ளப்படும் என்றும் சொன்னது. புதிய சட்டம் 2006 நவம்பர் 30 அன்று நடைமுறைக்கு வந்தது, கெடுவுக்குச் சரியாக ஒரு நாள் முன்னால். சும்மா இருந்தாலும் மாற்றம் வந்தே தீரும் என்றால், இழுத்தடிப்பதில் யாருக்கும் லாபமில்லை.

கனடா கடிகாரத்தோடு ஒரு பின்வாசலையும் வைத்தது. 1982-ஆம் ஆண்டு உரிமைச் சாசனத்தின் 33-ஆம் பிரிவு, சில உரிமைகளை மீறியும் சட்டம் செல்லும் என்று சட்டமன்றமே அறிவிக்க இடம் கொடுக்கிறது. ஒரு முறைக்கு ஐந்து ஆண்டு, பிறகு புதுப்பிக்கலாம். வாக்குரிமை இதற்குள் வராது. அரசு ஊழியர் சிலர் மத அடையாளம் அணிவதைத் தடுக்கும் 2019-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு கியூபெக் இதைப் பயன்படுத்தி, 2024-இல் புதுப்பித்தும் விட்டது. ஒன்டாரியோ 2022 நவம்பரில் கல்வித் துறை ஊழியர்களின் வேலைநிறுத்தத்துக்கு எதிராக இதைக் கையில் எடுத்து, எதிர்ப்பு தாங்காமல் இரண்டு வாரத்துக்குள் அந்தச் சட்டத்தையே திரும்பப் பெற்றது. இந்தப் பின்வாசலுக்குப் பூட்டு வாக்காளர்கள்தான். பாதிக்கப்படுகிறவர்கள் எண்ணிக்கையில் சிறிய கூட்டம் என்றால் பூட்டு விழாது.

நீதிமன்றம் சொல்லும், நாடாளுமன்றம் முடிவெடுக்கும்

பிரிட்டனின் 1998-ஆம் ஆண்டு மனித உரிமைச் சட்டம் 2000 அக்டோபர் 2 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 3-ஆம் பிரிவின்படி நீதிபதி முடிந்தவரை சட்டத்தை உரிமைக்கு இசைவாகப் பொருள்கொள்ள வேண்டும். முடியாவிட்டால் 4-ஆம் பிரிவின் கீழ் முரண்பாட்டு அறிவிப்பு, அதாவது சட்டம் உரிமையோடு முரண்படுகிறது என்று அறிவிப்பது. அந்த அறிவிப்பால் சட்டம் சாகாது. வழக்குப் போட்டவருக்கும் அன்றைக்கு எதுவும் கிடைக்காது. விசாரணையின்றிக் காவலில் இருந்த வெளிநாட்டினர் 2004 டிசம்பரில் 8-க்கு 1 என்று வழக்கில் வென்றார்கள். ஆனாலும் அந்தத் தீர்ப்பு சிறைக் கதவைத் திறக்கவில்லை. 2005 மார்ச்சில் நாடாளுமன்றம் மாற்றுச் சட்டம் கொண்டுவந்த பிறகே அந்தக் காவல் முறை ஒழிந்தது, அதுவும் வேறு கட்டுப்பாடுகளோடு.

நியூசிலாந்தின் பாதை இன்னும் நீளம். தண்டனைக் கைதிகள் அனைவரின் வாக்குரிமையையும் பறிக்கும் மசோதா உரிமைச் சட்டத்துக்கு முரணானது என்று 2010-இல் அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரலே நாடாளுமன்றத்துக்கு அறிக்கை கொடுத்தார். மசோதா நிறைவேறியது. 2015-இல் உயர் நீதிமன்றத்தின் முரண்பாட்டு அறிவிப்பு. 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. மூன்று ஆண்டுக்குக் குறைந்த தண்டனை பெற்றவர்களுக்கு வாக்குரிமை திரும்பியது 2020-இல். பத்து ஆண்டு! இந்த அனுபவத்துக்குப் பிறகு 2022-இல் சட்டம் திருத்தப்பட்டது: அறிவிப்பு இறுதியானதும் அவை கூடும் ஆறு நாட்களுக்குள் அட்டர்னி ஜெனரல் அதை அவையில் தெரிவிக்க வேண்டும், ஆறு மாதத்துக்குள் அரசு பதில் அறிக்கை வைக்க வேண்டும். ‘மாற்றப் போவதில்லை’ என்பதும் பதில்தான். என்றாலும் மௌனமாக இருந்துவிட முடியாது.

ஆணையங்கள்

மூன்றாவது வழியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இந்தியாவில் 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மனித உரிமை ஆணையத்துக்குப் புகார் கொடுக்க வக்கீல் வேண்டாம், செலவும் இல்லை. ஆனால் சம்பவம் நடந்து ஓர் ஆண்டு தாண்டினால் ஆணையம் விசாரிக்க முடியாது. ஆயுதப் படையினர் மீதான புகாரில் அது தானே விசாரிக்க முடியாது, மத்திய அரசிடம் அறிக்கைதான் கேட்கலாம். கடைசியில் தருவது பரிந்துரை. ஒரு தனிமனிதருக்கு இழப்பீடு வாங்கித்தர இது உதவும், சட்டத்தை மாற்ற உதவாது.

சட்டத்தை மாற்றவென்றே இருக்கும் சட்ட ஆணையத்துக்கும் கடிகாரம் இல்லை. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997-இல் கையெழுத்திட்டது. 2010-இல் மக்களவை நிறைவேற்றிய மசோதா மாநிலங்களவைத் தேர்வுக் குழுவரை போய்க் காலாவதியானது. 2017-இல் சட்ட ஆணையம் தனது 273-ஆவது அறிக்கையோடு ஒரு வரைவுச் சட்டத்தையே எழுதிக் கொடுத்தது. அதுவும் சட்டமாகவில்லை.

எதைத் தேர்வது

புதிதாக எழுத வாய்ப்பிருந்தால் தென்னாப்பிரிக்க முறையைத்தான் எடுக்க வேண்டும். வரைவில் தேட வேண்டியது இரண்டே வரி: கெடு எத்தனை மாதம், கெடு தாண்டினால் எது தானாக நடைமுறைக்கு வரும். இரண்டாவது வரி இல்லையென்றால் முதல் வரிக்கு மதிப்பில்லை. நாடாளுமன்றத்தின் இறுதி அதிகாரத்தை விட்டுக்கொடுக்காத நாடு என்றால், 2022-க்குப் பிந்தைய நியூசிலாந்து முறை பிரிட்டன் முறையைவிட மேல். கட்டாயப் பதிலாவது கிடைக்கும்.

எதைத் தேர்ந்தாலும் 66ஏ சிக்கல் கூடவே வரும். அதைத் தடுக்கும் வேலை நிர்வாகத்தினுடையது: ரத்தான பிரிவை எஃப்.ஐ.ஆர். மென்பொருளின் பட்டியலிலிருந்து அன்றே எடுப்பது, ஒவ்வொரு காவல் நிலையத்துக்கும் சுற்றறிக்கை அனுப்பி ஒப்புதல் வாங்குவது, அடுத்த கூட்டத்தொடரிலேயே திருத்த மசோதா கொண்டுவருவது. இவற்றில் முதல் இரண்டையும் தீர்ப்பின் இறுதி உத்தரவிலேயே தேதியோடு தரும்படி கேட்க மனுதாரரின் வக்கீலால் முடியும். மனுவின் பரிகாரப் பகுதியில் அவை முதலிலேயே இடம்பெற வேண்டும்.