பழைய ஆங்கில நாவல்களுக்கு எந்த அகராதி கைகொடுக்கும்? நீண்டநாள் பயன்பாட்டு அனுபவம்

19ஆம் நூற்றாண்டு ஆங்கில நாவலைப் பிரிப்பவர்கள் முதலில் மிரள்வது பரூஷ், பாம்பசீன், ஃபர்மிட்டி போன்ற முன்பின் பார்த்திராத சொற்களைக் கண்டுதான். பத்துப் பதினைந்து நாவல்கள் தாண்டியபின் தெரியும், அவை ஒரு தொல்லையே இல்லை. தெரியாத சொல் வழிமறித்து நிற்கும். திரையில் ஒரு தட்டு தட்டினால் விலகிக்கொள்ளும். நம்மைக் கவிழ்ப்பது தெரிந்த சொல். அது தெரிந்த முகத்தோடு வந்து, வேறு பொருள் சொல்லிவிட்டுப் போய்விடும். நாமும் தலையாட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போயிருப்போம்.

நமக்கு இது புதிதல்ல. திருப்பாவையில் 'நாற்றத் துழாய்முடி நாராயணன்' என்று வரும்போது யாரும் மூக்கைப் பொத்துவதில்லை. அங்கே நாற்றம் நறுமணம். ஆங்கில நாவலில் அப்படி எச்சரிக்க யாரும் கூட வருவதில்லை, அவ்வளவுதான். ஜேன் ஆஸ்டனின் 'பிரைடு அண்ட் ப்ரெஜுடிஸ்' (1813) நாவலில் காலின்ஸ் என்ற பாதிரியார், தன் புரவலரான சீமாட்டியின் 'கண்டசென்ஷ'னை வாய் ஓயாமல் புகழ்வார். இன்றைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு 'நான் உன்னைவிட மேல்' என்ற இளக்காரம் என்று பொருள். அன்று, உயர்ந்த இடத்தில் இருப்பவர் தன் நிலையிலிருந்து இறங்கிவந்து எளியவரிடம் காட்டும் பெருந்தன்மை. இன்றைய பொருளில் படித்தால், காலின்ஸ் தன் முதலாளியம்மாவை நக்கல் செய்கிறார் என்று தோன்றும். அவர் மனதாரப் புகழ்கிறார். ஆஸ்டனின் கிண்டலே அதில்தான் இருக்கிறது.

அதே நாவலில் 'கேண்டர்' இன்னும் மோசமான கண்ணி. இன்று அது ஒளிவுமறைவில்லாத பேச்சு. ஆஸ்டனிடம் பிறரைப் பற்றி நல்லதையே நினைக்கும் குணம். கிட்டத்தட்ட நேர் எதிர். 'எம்மா' (1815) நாவலில் எல்டன் கோச்சு வண்டிக்குள் எம்மாவிடம் 'மேக்கிங் வயலன்ட் லவ்' என்று வரும் இடம் புதிய வாசகர்களைத் தூக்கிவாரிப் போடும். ஆவேசமாகக் காதலைக் கொட்டுகிறார், அதற்குமேல் ஒன்றுமில்லை. டிக்கன்ஸின் 'பிக்விக் பேப்பர்ஸ்' (1836-37) நாவலில் கல்யாணமாகாத சாம் வெல்லருக்கு ஒரு 'மதர்-இன்-லா' இருப்பார். கதை தவறியதோ என்று பின்னால் புரட்ட வேண்டாம். அன்று சிற்றன்னையையும் அப்படிச் சொல்வார்கள். அப்பா மறுமணம் செய்துகொண்டவர். உறவுமுறைச் சொல்லில் இவ்வளவு தாராளம் நமக்குக் கொஞ்சம் ஒவ்வாமல்தான் இருக்கும்.

ஆக, எந்த அகராதியையும் இந்தக் கண்ணிகளில் அது என்ன சொல்கிறது என்று பார்த்தே எடைபோட வேண்டும். மின்வாசிப்பானோடு வரும் இன்றைய அகராதிகள் இன்றைய பொருளை முதலில் போடும். பழையது நான்காவது ஐந்தாவதாக, பாப்அப் பெட்டிக்கு வெளியே ஒளிந்திருக்கும். அதனால் முதன்மை அகராதியாக 1913ஆம் ஆண்டு வெப்ஸ்டர்தான் இன்றுவரை நிலைத்து நிற்கிறது. பதிப்புரிமை முடிந்தது, இலவசம். 'கண்டசென்ஷன்' என்று தேடினால் தன் நிலையிலிருந்து மனமுவந்து இறங்கிவரும் மரியாதை என்ற பொருளை நேராகவே தருகிறது. ஆனால் 'கேண்ட'ரில் இதுவும் தடுமாறும். நியாய உணர்வு, வெளிப்படைத்தன்மை என்று இக்காலத்தின் பக்கம் சாய்ந்துவிடும். அங்கே 1755இல் வந்த சாமுவேல் ஜான்சனின் அகராதிதான் கைகொடுக்கும். இனிய சுபாவம், கனிவு என்று அது சொல்வது ஆஸ்டனுக்குக் கச்சிதம். ஆஸ்டன், வால்டர் ஸ்காட் காலத்துக்கு ஜான்சன், டிக்கன்ஸ் தொடங்கி வெப்ஸ்டர் என்று பிரித்துக்கொண்டால் ஏமாற்றம் குறையும்.

இரண்டையும் ஒரே தட்டில் பார்க்க கேஓரீடர் என்ற இலவசச் செயலி போதும். ஆண்ட்ராய்டு போனிலும் ஓடும், பல மின்வாசிப்பான்களிலும் ஓடும். ஸ்டார்டிக்ட் வடிவ அகராதிகளை ஏற்கும். ஒவ்வொரு அகராதியும் ஐஎஃப்ஓ, ஐடிஎக்ஸ், டிக்ட் என்று குறைந்தது மூன்று கோப்புகளாக வரும். மூன்றுக்கும் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும். கேஓரீடர் ஃபோல்டருக்குள் டேட்டா, அதற்குள் டிக்ட், அதில் அகராதிக்கு ஒன்றாகத் தனி ஃபோல்டர் போட்டு வைக்கவும். பிறகு மெனுவில் பூதக்கண்ணாடிக் குறியைத் தொட்டு, டிக்ஷனரி செட்டிங்ஸ் போய் எது முதலில் வர வேண்டும் என்று வரிசைப்படுத்தவும். இந்த வரிசையைச் செய்யாமல் விடுபவர்கள்தான் 'பழைய அகராதி போட்டேன், பயனில்லை' என்று கைவிடுகிறார்கள். முன்னால் வந்து நிற்பது வேறு ஏதோ அகராதியாக இருக்கும்.

கிண்டில் வைத்திருப்பவர்கள் பாப்அப் பெட்டியில் அகராதியின் பெயரைத் தொட்டால் வேறொன்றுக்கு மாறலாம். வெளியிலிருந்து ஏற்றும் கோப்பு அகராதி வடிவில் முறையாகத் தயாரிக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சாதாரணப் புத்தகமாக நூலகத்தில் உட்கார்ந்துகொள்ளும், சொல்லைத் தொட்டாலும் எட்டிப்பார்க்காது. ஒரே பார்வையில் பல அகராதிகள் வேண்டுமென்றால் கேஓரீடருக்கே என் ஓட்டு.

இனி, சரியாகப் பொருத்திய பின்பும் வரும் தகராறுகள். முதலாவது எழுத்துக்கூட்டல். 'ஷோ' என்பதை எஸ்-எச்-இ-டபிள்யூ என்றும், 'சூஸ்' என்பதை சி-எச்-யு-எஸ்-இ என்றும் அந்தக்காலப் பதிப்புகள் அச்சிட்டிருக்கும். வெப்ஸ்டர் அமெரிக்க அகராதி என்பதால் பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலுக்குச் சில இடங்களில் 'இன்னதைப் பார்' என்று மட்டும் வரும். இரண்டாவது, வேற்றுருவங்கள். இறந்தகால வடிவைத் தொட்டால் மூலச்சொல்லுக்குக் கொண்டுபோகும் அட்டவணை எல்லா அகராதிக் கோப்பிலும் இருக்காது. எதுவும் கிடைக்கவில்லை என்று வந்தால் கடைசி இரண்டெழுத்தை வெட்டிவிட்டுத் தேடவும். மூன்றாவது, இடைக்கோடு. 'டுமாரோ'வை அன்று இடைக்கோடு போட்டுத்தான் எழுதினார்கள். தொட்டால் பாதி மட்டும் பிடிபடும்போது விரலை இழுத்து முழுச்சொல்லையும் பிடிக்க வேண்டும்.

நான்காவது, அகராதிமேல் பழி போடக்கூடாத தகராறு: ஸ்கேன் பிழை. இலவசக் கோப்புகளில் 'மாடர்ன்' என்பது 'மோடம்' ஆகியிருக்கும், 'அண்ட்' என்பது 'ஆரிட்' ஆகியிருக்கும். ஆர், என் இரண்டும் ஒட்டினால் எம் மாதிரி தெரியும், என் உடைந்தால் ஆர், ஐ மாதிரி தெரியும், அதுதான் காரணம். 1840களின் நாவலில் மோடம் வந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். 'வறண்ட' என்று பொருள்படும் 'ஆரிட்' அப்படியல்ல, ஏதோ பழைய வழக்கு போலும் என்று ஐந்து நிமிடம் தின்றுவிடும். வாக்கியம் எப்படியும் பொருந்தவில்லையென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கோப்பைத்தான். கை வைத்துத் திருத்திய, ப்ராஜக்ட் குட்டன்பெர்க் என்ற இலவச நூல்தளத்தின் பதிப்பு இருந்தால் அதை எடுப்பது நல்லது.

அகராதியே கைவிரிக்கும் இடம் பணம். காலின்ஸ் நாயகி எலிசபெத்திடம் கல்யாணம் பேசும்போது, உனக்கு வரப்போவது ஆயிரம் பவுண்டு 'இன் தி ஃபோர் பெர் சென்ட்ஸ்', அதுவும் உன் அம்மாவின் காலத்துக்குப் பிறகு என்பார். ஐந்து சொல்லையும் தனித்தனியே தட்டினாலும் விஷயம் வராது. அது ஆண்டுக்கு 4 விழுக்காடு வட்டி தரும் அரசுக் கடன்பத்திரம். 1,000 பவுண்டுக்கு ஆண்டு வரும்படி 40 பவுண்டு. நாயகன் டார்சியின் ஆண்டு வருமானம் 10,000. இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு எலிசபெத் இருவரையும் மறுக்கும் இடங்களைப் படித்தால் அவளுடைய துணிச்சலின் எடை தெரியும். இதற்கு ஒரு துண்டுச்சீட்டு போதும், புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளலாம்: 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு, கினி 21 ஷில்லிங், கிரவுன் 5 ஷில்லிங், ஃபார்திங் கால் பென்னி. 'பாப்' ஷில்லிங்கின் செல்லப்பெயர், 'டானர்' ஆறு பென்ஸ்.

வண்டிகளுக்கும் அப்படியே ஒரு சீட்டு. 'கிக்' இரண்டு சக்கரம், ஒரு குதிரை. 'கரிக்கிள்' இரண்டு சக்கரம், ஆனால் இரண்டு குதிரை, அதனால் பகட்டு. 'ஃபேட்டன்' நான்கு சக்கரம், சொந்தக்காரரே ஓட்டுவது. 'பரூஷ்' நான்கு சக்கரம், எதிரெதிர் இருக்கை, மடக்கும் கூரை, வண்டிக்காரருக்கு முன்னால் தனி இருக்கை. 'ஹான்சம்' 1834இல் காப்புரிமை பெற்ற வாடகை வண்டி, ஓட்டுபவர் பின்னால் உயரத்தில் உட்காருவார். யார் எதில் வந்து இறங்குகிறார் என்பது, இன்று எந்தக் காரில் வந்தார் என்பதைப்போல. அகராதி 'ஒருவகைக் குதிரை வண்டி' என்று முடித்துவிடும், அந்தஸ்து விட்டுப்போகும்.

'லிவிங்' என்ற சொல்லையும் சீட்டில் எழுதிக்கொள்ளவும். பாதிரியாருக்கு லிவிங் கிடைத்தது என்றால் பிழைத்துக்கொண்டார் என்று பொருளல்ல. வருமானத்தோடு கூடிய திருச்சபைப் பதவி அது. பல இடங்களில் அதை யாருக்குத் தருவது என்ற உரிமை ஊர்ப் பெரிய நிலக்காரர் கையில். 'வேஃபர்' பிஸ்கட் அல்ல, கடிதத்தை ஒட்ட மாவுப்பசையில் செய்த சின்ன வட்ட வில்லை. கடிதத்தை 'கிராஸ்' செய்தார் என்றால் அடித்தார் என்று பொருளல்ல. எழுதி முடித்த தாளைத் திருப்பிவைத்து, அதே வரிகளுக்குக் குறுக்கே மறுபடி எழுதுவது. 1840இல் பென்னி தபால் வரும்வரை, தூரத்தையும் தாள் எண்ணிக்கையையும் வைத்து, பெரும்பாலும் பெறுபவரிடம்தான் கட்டணம் வாங்கினார்கள். இரண்டாவது தாள் என்றால் பெறுபவர் தலையில் கூடுதல் செலவு.

வட்டாரப் பேச்சு வந்தால் வெப்ஸ்டரும் ஜான்சனும் ஒதுங்கிவிடும். 'வுதரிங் ஹைட்ஸ்' (1847) நாவலில் இசபெல்லா கஞ்சி கிண்டும் காட்சியில் 'திபிள்' என்று ஒன்று வரும். ஜோசப் ரைட் தொகுத்த ஆங்கில வட்டார வழக்கு அகராதி (1898-1905, ஆறு தொகுதிகள்) இதற்குத்தான். அடுப்பில் கஞ்சியைக் கிளறும் மரக்கோல் என்று தெரிந்ததும் நமக்கு விளக்கமே வேண்டாம், களி கிண்டும் துடுப்பு. இன்றைய ஆங்கில வாசகரைவிடத் தமிழ் வாசகருக்கு இந்த இடம் நெருக்கமானது. அதே நாவலில் வேலைக்காரர் ஜோசப்பின் யார்க்‌ஷயர் பேச்சு கடித்தாலும் உடையாத கல். 1850ஆம் ஆண்டுப் பதிப்பில் நாவலாசிரியர் எமிலியின் அக்கா ஷார்லட் பிராண்டே அதன் எழுத்துக்கூட்டலை எளிமையாக்கினார். கையிலிருப்பது எந்தப் பதிப்பைப் பின்பற்றுகிறது என்று பார்த்துக்கொள்ளவும். 1847 பாடம் என்றால் சிரமம் கூடும்.

இந்தியத் தொடர்புள்ள நாவல்களுக்கு 1886இல் வந்த ஹாப்ஸன்-ஜாப்ஸன் என்ற இந்திய-ஆங்கிலச் சொல்லகராதி. தொகுத்த இருவரில் ஒருவரான பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். சுருட்டு, மிளகுத்தண்ணி, கறி, கட்டுமரம் எல்லாம் ஆங்கில உடுப்பு மாட்டி வரிசையில் நிற்கும். ஒரு வேடிக்கை: ஆங்கிலக் கொச்சையில் 'கட்டமரான்' என்றால் சண்டைக்காரக் கிழவி என்றும் பொருள் உண்டு. நாவலில் யாராவது ஒருத்தியை அப்படித் திட்டினால் படகைத் தேட வேண்டாம். தேக்கரேயின் 'வானிட்டி ஃபேர்' (1847-48) நாவலில் ரெபெக்கா, 'சில்லி' என்ற பெயரைக் கேட்டு அது ஏதோ குளுகுளுவென்று இருக்கும் என்று பச்சை மிளகாயைக் கடிக்கும் காட்சிக்கு மட்டும் நமக்கு எந்த அகராதியும் வேண்டாம்.

ஆங்கிலம்-தமிழ் அகராதிகள் இந்த வேலைக்கு இரண்டாம்பட்சம். சென்னைப் பல்கலைக்கழகம் 1960களில் வெளியிட்ட சொற்களஞ்சியம் விரிவானது, பழஞ்சொற்களும் நிறைய உண்டு. ஆனால் 'வண்டி வகை', 'துணி வகை' என்ற அளவில் நிற்கும் பதிவுகள் ஏமாற்றும். நல்ல தமிழ்ச்சொல் ஒன்று தேவைப்படும் மொழிபெயர்ப்பாளருக்கு அது முதல் இடம், வாசகருக்குக் கடைசி இடம்.

குறிப்புரையோடு வரும் அச்சுப் பதிப்புகளில் பெங்குவின், ஆக்ஸ்ஃபோர்டு இரண்டும் நம்பகமானவை. குறிப்புகள் கடைசியில் இருப்பதால் இரண்டு புத்தக அடையாளம் வேண்டும். முன்னுரையை மட்டும் கதை முடிந்தபின் படிக்கவும். யார் சாகிறார், யார் யாரைக் கட்டுகிறார் என்பதை முன்னுரையாளர்கள் கூச்சமில்லாமல் போட்டு உடைத்துவிடுவார்கள்.

கிண்டிலின் வொகாபுலரி பில்டரை அணைத்துவிடலாம். நாம் தொட்ட சொற்களை மட்டுமே அது சேர்க்கும். தொடாமல் தாண்டிப்போன 'கேண்டர்' அந்தப் பட்டியலில் என்றைக்கும் வராது. அதற்குப் பதில், அத்தியாயம் முடிந்ததும் எந்தப் பேச்சு பேசியவரின் குணத்தோடு ஒட்டவில்லை என்று பார்த்து, அந்த வரியில் மிகச் சாதாரணமாகத் தெரியும் சொல்லைப் போய்த் தட்டவும். காலின்ஸ் நக்கல் செய்வாரா என்று ஒரு கணம் தயங்கினால், 'கண்டசென்ஷன்' அங்கேயே பிடிபட்டுவிடும்.