இரண்டு கண்ணும் சிவந்து பார்வை மங்கினால், சொட்டு மருந்தோடு திருப்பி அனுப்பும் இடத்தை நம்பாதீர்கள்

அக்காவுக்கு முதலில் கண்ணில் எதுவுமே இல்லை. தலைவலி, காதுக்குள் ஓயாத இரைச்சல், சீப்பு பட்டாலே தலைத்தோல் கூசுவது என்றுதான் தொடங்கியது. காய்ச்சல் வரப்போகிறதோ என்று பார்த்துக்கொண்டிருந்தபோதே இரண்டு கண்ணும் சிவந்தன. வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை, எழுத்தெல்லாம் மங்கியது. பக்கத்திலிருந்த கண் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். பெயர் போடவில்லை, புகார் இன்னும் முடியவில்லை.

அங்கே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, மெட்ராஸ் ஐ என்று ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து எழுதினார்கள். கண்மணியை விரிக்கும் மருந்தைப் போடவே இல்லை. அதைப் போடாமல் விழித்திரையை ஓரம்வரை ஒழுங்காகப் பார்க்க முடியாது. மெட்ராஸ் ஐ என்றால் கண் உறுத்தும், பீளை தள்ளும், துடைத்தால் பெரும்பாலும் பார்வை தெளிந்துவிடும். அக்காவுக்குப் பீளையே இல்லை. நேர்க்கோடு வளைந்து தெரிகிறது என்று அவளே சொன்னாள். சீட்டை அப்புறம் பார்த்தேன், "சிவப்பு" என்பதைத் தவிர அதில் எதுவும் இல்லை.

குறையவில்லை என்று மறுபடி போனபோது, விழித்திரையை அடுக்கடுக்காகக் காட்டும் ஓசிடி ஸ்கேன் எடுத்தார்கள். இடது கண் விழித்திரைக்கு அடியில் நீர் கோத்திருக்கிறது, 'சென்ட்ரல் சீரஸ்', டென்ஷனால் வருவது, தானே வற்றிவிடும், ஸ்டீராய்டு பக்கமே போய்விடாதீர்கள் என்றார்கள்.

இந்தப் பதிவை எழுதுவதே இந்த இடத்துக்காகத்தான். சென்ட்ரல் சீரஸ் என்று ஒரு நோய் உண்மையிலேயே உண்டு. அதிலும் விழித்திரைக்கு அடியில் நீர் கோக்கும், ஸ்டீராய்டு அதைக் கிளப்பிவிடும். ஆக, அவர்கள் சொன்ன அறிவுரை அந்த நோய்க்குச் சரி. ஆனால் அக்காவுக்கு இருந்தது வேறு நோய், அதற்கு ஸ்டீராய்டுதான் மருந்து, அதுவும் தாமதமில்லாமல். ஸ்கேனில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும், வைத்தியமோ நேர் எதிர். பிரித்துப் பார்க்க வழியில்லையா என்றால், இருக்கிறது. சென்ட்ரல் சீரஸ் பெரும்பாலும் ஒரு கண்ணில்தான் பார்வையைக் கெடுக்கும். கண் சிவக்காது, வெளிச்சம் கூசாது, கண்ணுக்குள் அழற்சி அணுக்கள் மிதக்காது. இரண்டு கண்ணும் சிவந்து நிற்பவளிடம் "தலைவலி உண்டா, காது இரைகிறதா" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தாலே போதும். யாரும் கேட்கவில்லை.

பார்வை இன்னும் இறங்கவே, தெரிந்தவர் ஒருவர் சொல்லி யுவியைடிஸ், அதாவது கண்ணுக்குள் வரும் அழற்சி, பார்க்கும் நிபுணரிடம் போனோம். அந்த அம்மா முதலில் காதைப் பற்றித்தான் கேட்டார்! பிறகு கையில் சாயம் ஏற்றி, கண்ணுக்கு ஆஞ்சியோகிராம் எடுத்தார். இரண்டு கண் விழித்திரையிலும் புள்ளி புள்ளியாகக் கசிவு. அல்ட்ராசவுண்டில் விழித்திரைக்குப் பின்னாலுள்ள கோராய்டு படலம் தடித்திருந்தது. வோக்ட்-கொயனாகி-ஹராடா நோய் என்றார்.

உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நிறமி அணுக்களைத் தாக்கும் நோய் இது. அந்த அணுக்கள் கோராய்டில் மட்டுமல்ல, உள்காதிலும் மூளை உறையிலும் தோலிலும் முடியிலும் இருக்கின்றன. கண் சிவப்பதற்கு முன்பே தலைவலியும் காது இரைச்சலும் வந்ததற்குக் காரணம் இதுதான். வோக்ட் 1906-லும் ஹராடா 1926-லும் எழுதிவைத்த நோய், புதிதொன்றும் இல்லை. வெள்ளைக்காரர்களைவிட ஆசியர்களிடம் அதிகம் காணப்படுவது. இமைமுடி நரைப்பதும் தோலில் வெண்திட்டு விழுவதும் பிந்தித்தான் வரும். அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வேன் என்று ஒருவர் காத்திருந்தால் கண் அதற்குள் கெட்டுவிடும்.

ஸ்டீராய்டு தொடங்கும் முன் காசநோய்க்கும் சிபிலிஸுக்கும் சோதனை செய்தார்கள். இரண்டும் இதே வேஷத்தில் வரும், அவற்றுக்கு மருந்து கொடுக்காமல் ஸ்டீராய்டை மட்டும் கொடுத்தால் நிலைமை மோசமாகும். சர்க்கரையும் பார்த்தார்கள். பிறகு மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு ரத்தக்குழாய் வழியாக நாளைக்கு 1 கிராம் வீதம் 3 நாள், அதன்பின் எடைக்கு ஏற்ற மாத்திரை, கூடவே எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசதயோபிரின். மாத்திரையைக் குறைந்தது 6 மாதமாவது இழுத்து, மெள்ள மெள்ளத்தான் குறைக்க வேண்டும், அவசரப்பட்டால் நோய் திரும்பும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.

நடுவில் ஒரு கூத்து. மாத்திரையால் அக்கா முகம் ஊதியதைப் பார்த்த ஒருவர், மூலிகை மையம் ஒன்றின் ஆளைக் கூட்டிவந்தார். "ஸ்டீராய்டை இன்றே நிறுத்துங்கள், எங்கள் பொடியில் கண் திறந்துவிடும்" என்றார் அவர். அந்த டப்பாவில் என்ன கலந்திருக்கிறது என்று ஒரு எழுத்துகூட இல்லை. பல வாரம் சாப்பிட்ட ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தினால் நோய் திரும்புவது ஒருபக்கம், உடம்புக்குத் தேவையான கார்டிசால் ஹார்மோனைச் சுரக்க முடியாமல் உயிருக்கே ஆபத்தாகலாம். பணம் கேட்கும் முன்பே அனுப்பிவிட்டோம்.

பழைய மருத்துவமனையில் ஸ்கேன் படங்களைக் கேட்டபோது ரிப்போர்ட் தாளை மட்டும் நீட்டினார்கள். எழுதிக் கொடுத்து, வாசலிலேயே உட்கார்ந்த பிறகுதான் கோப்பு கிடைத்தது. நீங்கள் ஸ்கேன் எடுத்த அன்றே படங்களை வாங்கிவிடுங்கள், தாள் போதாது. புது டாக்டர் கோப்பைத் திறந்தார். ரிப்போர்ட்டில் இடது கண் மட்டும்தான் இருந்தது. படத்திலோ வலது கண்ணிலும் நீர், அதே நாளில், அதே மெஷினில் எடுத்தது. யாரும் அந்தப் பக்கத்தைப் புரட்டவே இல்லை.

வலது கண் நன்றாகத் தேறிவிட்டது. இடதில் நடுவில் இன்னும் ஒரு மங்கல் இருக்கிறது. ரத்தப் பரிசோதனையும் கண் அழுத்தம் பார்ப்பதும் தொடர்கின்றன, ஸ்டீராய்டால் குளுக்கோமாவும் கண்புரையும் வரலாம் என்பதால்.

புகாருக்கு மருத்துவமனையிலிருந்து பதில் வந்தது: இது அரிய நோய், ஆரம்பத்தில் கண்டுபிடிப்பது கடினம். நோயின் பெயரைச் சொல்லும்படி உங்களை யாரும் கேட்கவில்லை, நீங்களே எடுத்த வலது கண் ஸ்கேனை ஏன் பார்க்கவில்லை என்பதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள் என்று திருப்பி எழுதியிருக்கிறோம்.