ஏஆர்-3ஏ ஸ்பீக்கருக்குப் புதுக் கெபாசிட்டர்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

பழைய அமெரிக்க ஸ்பீக்கரான ஏஆர்-3ஏ-வின் கிராஸ்ஓவரில், அதாவது ஒலியைப் பிரித்து ஒவ்வொரு டிரைவருக்கும் (ஒலி எழுப்பும் பாகத்துக்கும்) அனுப்பும் சர்க்யூட்டில், மாற்ற வேண்டிய கெபாசிட்டர் ஒரு பெட்டிக்கு மூன்றுதான். மேல் ஒலி தரும் ட்வீட்டருக்கு 6 மைக்ரோஃபாரட், நடு ஒலி தரும் மிட்ரேஞ்சுக்கு 50, தாழ்ந்த ஒலி தரும் ஊஃபருக்கு 150. எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். 6-க்கு நல்ல பாலிப்ரொப்பிலீன் ஃபிலிம் (பிளாஸ்டிக் படல) கெபாசிட்டர் வாங்குங்கள். 150-க்கு பிளஸ்-மைனஸ் பேதமில்லாத புது பைபோலார் எலக்ட்ரோலிடிக் போதும். 50-க்கு இரண்டில் எதைப் போட்டாலும் சரி, இடது வலது இரண்டும் ஒரே அளவில் இருந்தால். விலை உயர்ந்த பிராண்டுக்குச் செலவழிக்க நினைக்கும் பணத்தில், கெபாசிட்டரின் மதிப்பையும் உள் மின்தடையையும் அளக்கும் ஒரு எல்சிஆர் மீட்டர் வாங்கினால் ஸ்பீக்கருக்கு அதைவிட அதிக நன்மை.

எட்கர் வில்ச்சர் 1954-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் தொடங்கிய அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனம், 1967-ல் கொண்டுவந்த மாடல் இது. காற்றுப் புகாமல் மூடிய பெட்டி, 12 அங்குல ஊஃபர், ஒன்றரை அங்குல டோம் (குவிமாட வடிவ) மிட்ரேஞ்ச், முக்கால் அங்குல டோம் ட்வீட்டர். இம்பிடன்ஸ் (மாறு மின்னோட்டத்துக்கான தடை) 4 ஓம். 575 ஹெர்ட்ஸிலும் 5,000 ஹெர்ட்ஸிலும் ஒலி பிரிகிறது. இவ்வளவு தாழ்வான இடத்தில் பிரிப்பதால்தான் 50, 150 என்று பெரிய கெபாசிட்டர்கள் தேவைப்பட்டன. அந்தக் காலத்தில் அந்த அளவை அடக்கமாகத் தர எலக்ட்ரோலிடிக்கை விட்டால் வழியில்லை. பழைய பெட்டிகளில் இரண்டு மதிப்புகளை ஒரே மெழுகு டப்பாவுக்குள் வைத்து, வயர்களை மட்டும் வெளியே விட்டிருப்பார்கள். பிற்காலப் பெட்டிகளில் தனித்தனி உருளைகள் இருக்கும்.

எலக்ட்ரோலிடிக்குக்கு வயதானால் இரண்டு விதமாகக் கெடும். ஒன்று, மதிப்பு நகரும். பெரும்பாலும் மேல்நோக்கி. 50 மைக்ரோஃபாரட் 575 ஹெர்ட்ஸில் சுமார் 5.5 ஓம் தடுப்பைத் தரும். அது 60 ஆகிவிட்டால் தடுப்பு 4.6 ஓமுக்கு இறங்கி, மிட்ரேஞ்ச் டோம் தாங்கக்கூடாத தாழ்ந்த ஒலியும் அதற்குள் போகும். இரண்டு, ஈஎஸ்ஆர் எனப்படும் உள் மின்தடை ஏறும். 4 ஓம் டிரைவருக்கு முன்னால் 1 ஓம் கூடுதலாக நின்றால் கிட்டத்தட்ட 2 டெசிபல் குறையும். குரலும் வயலினும் ஒரு அடி பின்னால் போய் நிற்பதுபோல் கேட்பது இதனால்தான்.

ஆனால் இந்த மாடலில் மிட்ரேஞ்சோ ட்வீட்டரோ கேட்கவில்லை என்றால் கெபாசிட்டரைச் சந்தேகிப்பதற்கு முன் பின்பக்கத்தில் ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்களான ரியோஸ்டாட் இரண்டையும் பாருங்கள். 16 ஓம் வயர்-வவுண்ட் கட்டுப்பாடுகள் அவை. உள்ளே பச்சையாகக் களிம்பேறி, வைப்பர் (குமிழோடு நகரும் தொடுமுனை) தொடும் இடம் விட்டுப்போயிருக்கும். பாட்டு ஓடும்போது குமிழை மெல்லத் திருப்புங்கள். கரகரப்பும், திடீரென ஒலி வந்து போவதும் தெரிந்தால் குற்றவாளி அதுதான். புதுக் கெபாசிட்டர் போட்டும் ஒலி திரும்பவில்லை என்ற புகாரில் பெரும்பங்கு இங்கிருந்து வருகிறது. கழற்றி, களிம்பை நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து, கான்டாக்ட் கிளீனர் போட்டால் பல ரியோஸ்டாட்கள் பிழைத்துக்கொள்ளும். அதற்குப் பதில் 8 ஓம் எல்-பேட் (இன்னொரு வகை ஒலி அளவுக் கட்டுப்பாடு) வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூல ரியோஸ்டாட்டின் 16 ஓம் எப்போதும் சர்க்யூட்டின் குறுக்கே நிற்கும். எல்-பேட் அப்படி நிற்காது. அதனால் அதை அப்படியே மாற்றினால் பிரியும் புள்ளியும் கொஞ்சம் நகரும்.

ஃபிலிம் வகையில் சோலென், டேட்டன் ஆடியோ, டென்மார்க்கின் ஜான்ட்ஸன் கிராஸ்-கேப் ஆகியவை எளிதில் கிடைப்பவை. மூன்றும் மெட்டலைஸ்டு பாலிப்ரொப்பிலீன். 5 சதவீதத் துல்லியத்தில் கிடைக்கும். இந்த வேலைக்கு மூன்றுக்கும் நடுவே தேர்ந்தெடுக்க எங்களுக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. எது கிடைக்கிறதோ, எது பெட்டிக்குள் உட்காருகிறதோ அதை வாங்கலாம். 6 மைக்ரோஃபாரட் தனியாகக் கிடைக்காவிட்டால் 5.6-உம் 0.39-உம் இணையாகச் சேர்த்தால் 5.99 வரும். இணைப்பில் மதிப்புகள் அப்படியே கூடும், அவ்வளவுதான் கணக்கு. வெள்ளியும் தங்கமும் எண்ணெயும் சேர்த்துச் செய்த, பத்து மடங்கு விலையுள்ள கெபாசிட்டர்களும் சந்தையில் உண்டு. ஐம்பது வயதைத் தாண்டிய முக்கால் அங்குல டோமுக்கு முன்னால் அதை வைப்பதில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை.

பைபோலார் வகையில் ஜெர்மனியின் முண்டார்ஃப் ஈகேப், பிரிட்டனின் ஃபால்கன் அக்கூஸ்டிக்ஸ் விற்கும் ஆல்கேப் இரண்டும் நம்பகமானவை. ஃபால்கன் 1972-ல் மால்கம் ஜோன்ஸ் தொடங்கியது. கெஃப் ஸ்பீக்கர் நிறுவனத்தில் பி110, டி27 டிரைவர்களை வடிவமைத்தவர் அவர். பழைய பிரிட்டிஷ் ஸ்பீக்கர்களில் நிறைந்திருந்த எல்கேப் கெபாசிட்டர்களுக்கு மாற்றாகவே பலர் ஆல்கேப்பைத் தேடி வாங்குகிறார்கள். ஈகேப்பில் சொரசொரப்பான ஃபாயில், வழுவழுப்பான ஃபாயில் என இரண்டு உண்டு. வழுவழுப்பானது பெரியது, இழப்பு குறைவானது. 150-க்கு எதுவானாலும் 100 வோல்ட் தாங்குவதாகப் பாருங்கள். 4 ஓமில் 100 வாட் என்றால் உச்சம் 28 வோல்ட்தான். 50 வோல்ட் கெபாசிட்டரும் தாங்கும், ஆனாலும் விலை வித்தியாசம் சொற்பம்.

150-க்கும் ஃபிலிமே போட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாகப் போடலாம், ஒலி கெடாது. ஆனால் அது ஊஃபருக்குக் குறுக்கே நின்று, மேல் ஒலியைத் திசைதிருப்பும் கெபாசிட்டர். பாட்டு அதன் வழியே ட்வீட்டருக்குப் போவதில்லை. 575 ஹெர்ட்ஸில் அதன் தடுப்பு 1.85 ஓம். புது பைபோலாரின் சிறிய ஈஎஸ்ஆர் அந்த இடத்தில் கேட்கும் அளவுக்கு எதையும் மாற்றாது. ஃபிலிமில் 150 சேர்க்கப் பல துண்டுகள் இணைக்க வேண்டும். 6, 50 இரண்டுக்கும் சேர்த்து ஆகும் செலவை அது ஒன்றே தாண்டும். கனமான அந்தக் கட்டை அதிராமல் நிறுத்துவது தனி வேலை.

50-க்கு ஃபிலிம் போட்டால் நடு ஒலி லேசாகத் தூக்கலாகலாம். பழைய எலக்ட்ரோலிடிக் தன் தடையால் குடித்துக்கொண்டிருந்த பங்கும் இப்போது டிரைவருக்குப் போகிறது. குமிழ் இல்லாத ஸ்பீக்கர்களில் இது உண்மையான சிக்கல். அங்கே கெபாசிட்டரோடு தொடராக அரை ஓமுக்குள் ஒரு ரெசிஸ்டர் சேர்ப்பார்கள். ஏஆர்-3ஏ-வில் குமிழைக் கொஞ்சம் குறைத்தால் முடிந்தது.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. தண்ணீர் மோட்டாருக்கும் ஏசி கம்ப்ரசருக்கும் போடும் ரன் கெபாசிட்டர் பாலிப்ரொப்பிலீன் ஃபிலிம்தான். 50 மைக்ரோஃபாரட், 440 வோல்ட் ஏசி, 5 சதவீதம் என்று மேலேயே அச்சிட்டிருக்கும். மின்சாதனக் கடைகளில் கிடைக்கும். சீலிங் ஃபேன் கெபாசிட்டர் 3.15 இரண்டை இணைத்தால் 6.3. அதுவும் 5 சதவீதத்துக்குள் அடங்கும். அளவு பெரிது, பார்வைக்கு அழகில்லை, ஆனால் வேலை சுத்தம். மீட்டரில் வைத்துப் பார்த்து மதிப்பு ஒத்துப்போவதை மட்டும் வாங்குங்கள். ஒரே எச்சரிக்கை, மோட்டார் ஸ்டார்ட் கெபாசிட்டரைத் தொடாதீர்கள். 150 மைக்ரோஃபாரட் என்று அதிலும் இருக்கும். ஆனால் அது சில நொடி மட்டும் வேலை செய்யச் செய்த எலக்ட்ரோலிடிக், இழப்பு அதிகம். சாதாரண பிளஸ்-மைனஸ் எலக்ட்ரோலிடிக்கும் கூடாது.

இனி வேலை. ஒரு நேரத்தில் ஒரு பெட்டியை மட்டும் திறங்கள். மற்றது ஒப்பிட்டுப் பார்க்கத் தேவைப்படும். பெட்டியைப் போர்வை மேல் மல்லாக்கப் படுக்க வைத்து, முன்துணிச் சட்டத்தை மெல்லிய தகட்டால் சுற்றிச் சுற்றி நெம்பி எடுக்க வேண்டும். இப்போது மேலே தெரியும் இரண்டு டோம்களுக்கும் போகும் வயர்கள் முடியளவு மெல்லியவை, முன்பக்கமாகவே ஓடுகின்றன. அதன் மேல் ஸ்க்ரூடிரைவர் விழுந்தால் கெபாசிட்டர் வேலை டிரைவர் தேடும் வேலையாக மாறிவிடும். ஒரு அட்டையை வெட்டி அவற்றின் மேல் மூடி ஒட்டுங்கள்.

ஊஃபரின் காந்தம் ஸ்க்ரூடிரைவரை இழுக்கும். ஒரு கை எப்போதும் அதன் முனையைப் பிடித்திருக்கட்டும். எல்லா ஸ்க்ரூவும் கழன்ற பிறகும் ஊஃபர் வராது, பழைய புட்டி (காற்றுக் கசிவை அடைக்கும் பசை) பிடித்திருக்கும். ஓரத்தில் மெல்ல நெம்புங்கள். வயரைக் கழற்றும் முன் எந்த நிறம் எந்த முனையில் என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே இருப்பது கண்ணாடி இழைப் பஞ்சு. கையுறையும் என்95 முகக்கவசமும் இல்லாமல் தொடக்கூடாது. எடுத்த பஞ்சு முழுவதையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வையுங்கள். மூடிய பெட்டியில் ஊஃபரின் கட்டுப்பாட்டில் பஞ்சின் அளவுக்கும் பங்குண்டு. குறைந்தாலும் கூடினாலும் பேஸ் மாறும். கிராஸ்ஓவர் அதற்கு அடியில், பின்பலகையில் இருக்கும்.

பழைய கெபாசிட்டரை அளக்க ஒரு காலையாவது விடுவிக்க வேண்டும். சர்க்யூட்டோடு அளந்தால் காயிலும் (கம்பிச் சுருளும்) டிரைவரும் சேர்ந்து பொய் சொல்லும். சாதாரண மல்டிமீட்டரையும் முழுதாக நம்ப வேண்டாம். கசிவுள்ள கெபாசிட்டருக்கு அது மதிப்பை ஏற்றிக் காட்டும். டிஇ-5000 போன்ற எல்சிஆர் மீட்டரில் 1 கிலோஹெர்ட்ஸில் மதிப்பும் ஈஎஸ்ஆரும் பாருங்கள். மதிப்பு 10 சதவீதத்துக்குள் நின்று, ஈஎஸ்ஆர் அரை ஓமுக்குள் இருந்தால் அதை மாற்ற அவசரம் இல்லை.

மெழுகு டப்பா இருந்தால் அதைப் பெயர்த்தெடுக்க வேண்டாம். எந்த வயர் எந்த மதிப்பு என்று மீட்டரால் உறுதிசெய்து, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி, பிறகு வெட்டுங்கள். வயர் நிறத்தை நம்பி வேலை செய்யக்கூடாது, ஒரே மாடலிலேயே டப்பாக்கள் மாறியிருக்கின்றன. எல்லா வயரையும் துண்டித்துவிட்டால் பழைய டப்பா அங்கேயே கிடக்கட்டும். 6-உம் 50-உம் இடம் மாறினால் என்ன ஆகும் என்பதை மனதில் வைத்து இந்தக் கட்டத்தைச் செய்யுங்கள். ட்வீட்டருக்கு 50 போய்விட்டால் சில நூறு ஹெர்ட்ஸிலிருந்தே ஒலி இறங்கி, வால்யூமை ஏற்றிய சிறிது நேரத்தில் காயில் எரியும். அந்த ட்வீட்டர் இப்போது தயாரிப்பில் இல்லை.

புதியவற்றை 6 மில்லிமீட்டர் பிளைவுட் துண்டில் கேபிள் டை போட்டு இறுக்கி, அடியில் நியூட்ரல் சிலிகான் வைத்து ஒட்டுங்கள். வினிகர் வாசம் வரும் சிலிகான் செம்பை அரிக்கும். பலகையைக் காயில்களிலிருந்து தள்ளி வையுங்கள். காயில் பக்கத்தில் இரும்பு ஸ்க்ரூ கூடாது, அதன் இண்டக்டன்ஸ் மாறிவிடும். பித்தளை ஸ்க்ரூ போடலாம். வயர் முனைகளை முதலில் முறுக்கி, பிறகு 60 வாட் இரும்பால் ஈயம் பாய்ச்சுங்கள். முறுக்காமல் ஈயத்தை மட்டும் நம்பிய இணைப்பு, ஊஃபர் அதிரும் பெட்டிக்குள் நாளடைவில் விட்டுப்போகும்.

மூடும் முன் பின்பக்க டெர்மினலில் ஓம் பாருங்கள். 4-க்குக் கீழே வர வேண்டும். பூஜ்யத்தை ஒட்டி வந்தால் எங்கோ ஷார்ட். டி, 1, 2 என்று மூன்று முனைகளில் 2-ஐயும் டி-யையும் இணைக்கும் தகடு இடத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது விட்டுப்போயிருந்தால் எந்தக் கெபாசிட்டரும் உதவாது. பிறகு 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டு, இரண்டு பெட்டி ஊஃபரும் ஒரே திசையில் நகர்கின்றனவா என்று சரிபார்க்க வேண்டும். மோனோ பிங்க் நாய்ஸை (எல்லா அலைவெண்ணும் கலந்த சோதனை இரைச்சலை) குறைந்த ஒலியில் ஓட்டி, இரண்டு பெட்டிகளையும் டிரைவர் டிரைவராகக் காது வைத்து ஒப்பிடுங்கள். திறக்காத பெட்டியில் மிட்ரேஞ்ச் மங்கலாக இருந்தால் பழைய கெபாசிட்டர் எவ்வளவு தின்றிருந்தது என்பது அப்போது நேரடியாகக் கேட்கும்.

ஊஃபரைப் புதுப் புட்டி வைத்தே பூட்டுங்கள். ஸ்க்ரூக்களை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். கடைசிச் சோதனை காற்றுக்கு. நான்கு விரல்களால் கூம்பைச் சமமாக உள்ளே அழுத்தி விடுங்கள். ஓரிரு நொடி எடுத்து மெல்லத் திரும்பினால் பெட்டி மூடியிருக்கிறது. டக்கென்று திரும்பினால் புட்டியிலோ, ரியோஸ்டாட் துளையிலோ, ஊஃபரின் விளிம்பிலோ கசிவு. துணி விளிம்புள்ள ஆரம்பகால ஊஃபரில் பூச்சு காய்ந்து காற்று விடுவது சகஜம். அதற்கென்று விற்கும் சீலன்ட்டை மெல்லிய தூரிகையால் ஒரு பூச்சு பூசி, காயவிட்டு மறுபடி அழுத்திப் பாருங்கள்.