ஜீப்ராவுட் மேசை: பல வருஷம் புழங்கிய பிறகு

ஜீப்ராவுட்டில் வீட்டுச் சாமான் செய்யலாமா என்று கேட்டால், பெரிய பரப்புக்கு வீனியர் (மெல்லியதாகச் சீவிய மரத் தாள்), சின்ன உருப்படிக்கு மட்டும் முழு மரம் என்பேன். கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை அப்படித்தான்: மேல்பரப்பு பிளைவுட்டில் ஒட்டிய வீனியர், ஓரச் சட்டமும் டிராயர் கைப்பிடிகளும் முழு மரம்.

கேமரூன், காபோன் காடுகளில் வளரும் மரம் இது. வெளிர் பழுப்பில் கறுப்பு வரிகள். மரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கி அறுத்தால் வரி நேராக விழும். சும்மா பலகையாகக் கிழித்தால் அலை அலையாக ஓடும். வீனியர் வாங்கும்போது ஒரே கட்டுக்குள் அடுத்தடுத்து வந்த தாள்களாகக் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் இணைப்பில் வரி சேராது.

கன மீட்டருக்குச் சுமார் 800 கிலோ எடை, தேக்கைவிடக் கனம். ஆனால் ஆசாரியைப் படுத்தியது கனமல்ல, நார். ஓர் அடுக்கு ஒரு பக்கம் சாய்ந்தால் அடுத்தது எதிர்ப்பக்கம் சாய்கிறது. "எந்தப் பக்கம் இழைச்சாலும் பிச்சுக்குது சார்" என்று இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டார். கடைசியில் உப்புத்தாள்தான் கைகொடுத்தது. அறுக்கும்போது ஒரு கெட்ட வாடை வேறு. பாலிஷ் ஏறியதும் அது போய்விட்டது.

துளைகள் பெரிய மரம். ஃபில்லர் போட்டு அடைக்காமல் பாலிஷ் அடித்தால் குழம்பும் மஞ்சளும் அதில் போய் உட்காரும். எங்கள் மேசையில் அந்தத் தொல்லை இல்லை. சித்தி குக்கரை அப்படியே இறக்கிவைத்த இடத்தில் மட்டும் வெள்ளையாக ஒரு வட்டம். அது பாலிஷில் வந்தது, மரத்தில் அல்ல. அதற்காக வீனியரை இஷ்டத்துக்குத் தேய்க்கவும் முடியாது, தாள் மெல்லியது, அடியில் பிளைவுட் தெரிந்துவிடும்.

ஓரச் சட்டத்தின் மூலை, ஏப்ரல் மே வெயிலில் மயிரிழை விலகுகிறது, ஐப்பசி மழையில் தானாக மூடிக்கொள்கிறது. முழு மேசையும் இந்த மரமாக இருந்திருந்தால் என்ன ஆட்டம் ஆடியிருக்குமோ! கைப்பிடிகளுக்கு எண்ணெய் மட்டும்தான் பூசினோம். கை பட்டுப் பட்டு அவை இப்போதுதான் அழகாகியிருக்கின்றன.

விலை அதிகம். அதோடு, அழியும் அபாயத்தில் உள்ளதாகச் சர்வதேச சிவப்புப் பட்டியலில் இருக்கும் மரம். ஒரே கட்டையிலிருந்து நிறையப் பரப்பு தருவதால் அந்த வகையிலும் வீனியரே மேல். வாசக்கால், கதவுக்கெல்லாம் இதை யோசிக்கவே வேண்டாம், வேங்கை இருக்கிறது.