ஐந்து வருடம், ஒரு டென்சைல் மெஷின், எண்ண முடியாத பன்றிக் கண்கள்

எங்கள் மெஷினில் இழுவிசையை அளக்கும் லோட் செல் நேற்றுதான் ரிப்பேராகித் திரும்பி வந்தது. கண் திசு மெக்கானிக்ஸில் பிஎச்டி சேரலாமா, திசுவை இழுத்து அதன் விறைப்பைப் பார்க்கும் அந்த டென்சைல் மெஷின் எப்படி என்று ஜூனியர் தம்பி கேட்டு இரண்டு வாரமாகிறது. இரண்டுக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

மெஷினைக் குறை சொல்ல முடியாது. 10 நியூட்டன் லோட் செல் இப்போதுதான் முதல் முறையாக மக்கர் செய்தது, அதுவும் திசுவைப் பிடிக்கும் கிரிப்பை நான் திருகும்போது பக்கவாட்டில் முறுக்கியதால்.

என் சண்டையெல்லாம் அந்த கிரிப்போடுதான். கண்ணின் முன்பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கும் படலம்தான் கார்னியா, அதிலிருந்து 4 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு பட்டை வெட்டி மாட்டினால் வழுக்கும். இறுக்கினால் பிடித்த இடத்திலேயே நசுங்கி அறுந்துவிடும். சூப்பர் க்ளூ போட்டால் பசை ஊறி ஓரமெல்லாம் விறைத்துப்போகும், கடைசியில் உப்புத்தாள் ஒட்டியதுதான் ஓரளவு கைகொடுத்தது. வழுக்கும்போது கிராஃபில் ஒரு சின்னப் பள்ளம் விழும். முதல் வருடம் அதைத் திசுவின் குணம் என்று நம்பி கைடிடம் வேறு காட்டினேன், வெட்கக்கேடு.

அப்புறம் தண்ணீர். உயிருள்ள கண்ணில் கார்னியாவின் உள்பக்கச் செல்கள் நீரை ஓயாமல் இறைத்து வெளியேற்றும். எடுத்த கண்ணில் அந்த வேலை நின்றுபோகும், பட்டையைச் சலைனில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனால் திரும்புவதற்குள் உப்பி மங்கிக் கிடக்கும், தடிமன் மாறினால் ஸ்ட்ரெஸ் கணக்கும் (விசையைக் குறுக்குவெட்டுப் பரப்பால் வகுப்பது) போச்சு. அதனால் உப்ப விடாத டெக்ஸ்ட்ரான் கரைசல், அதனால் மதியச் சாப்பாடு நாலு மணிக்கு.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். ரிபோஃப்ளேவின் (வைட்டமின் பி2) சொட்டுவிட்டு 30 நிமிடம் யுவி-ஏ ஒளி காட்டிய பட்டையை முதன்முதலில் இழுத்த அன்று கிராஃபில் கோடு செங்குத்தாக ஏறியது, அதாவது பட்டை விறைத்திருந்தது, நான் லேபில் தனியாகச் சிரித்தேன். கார்னியா கூம்பாகப் பிதுங்கும் கெரட்டோகோனஸுக்கு ஆஸ்பத்திரியில் செய்வதும் இதே சொட்டு, ஒளி வேலைதான். 2003-இல் இதை ஆராய்ந்த வோலென்சாக் குழு மனிதக் கார்னியாவில் விறைப்பு 300 சதவீதத்துக்கு மேல் கூடியதாகவும், பன்றியில் சுமார் 70 என்றும் எழுதியது. பன்றியுடையது தடிமன், ஒளியின் வேலையோ மேல் 0.3 மில்லிமீட்டரோடு சரி. அந்த வித்தியாசத்தை என் கிராஃபிலேயே பார்த்தபோது கிரிப்பையெல்லாம் மன்னித்துவிட்டேன், ஒரு வாரத்துக்கு.

ஆனாலும் கிண்ணம் மாதிரி வளைந்த ஒன்றை நிமிர்த்தி இழுப்பதே பித்தலாட்டம், இழுக்கும் முன்பே வெளிப்பக்கம் அமுங்கி உள்பக்கம் நீண்டுவிடுகிறது. முழுக் கண்ணில் அழுத்தம் ஏற்றிப் பார்ப்பதுதான் நியாயம், அந்த செட்டப் எங்களிடம் இல்லை.

ஆக, சேராதே தம்பி. நாளைக் காலை ஏழு மணிக்கு ஐஸ் பெட்டியில் ஆறு கண் வருகிறது, லோட் செல்லையும் சோதிக்க வேண்டும். பார்க்க ஆசையிருந்தால் சாப்பிட்டுவிட்டு வா.