எந்தப் பல்லாங்குழி வாங்கலாம்: பேத்தியின் விரலுக்கும் பாட்டியின் கண்ணுக்கும்

கடையில் பல்லாங்குழி கேட்டால் இன்று நான்கு விதம் எடுத்துப் போடுகிறார்கள்: நீளவாக்கில் மடங்கும் மரப்பலகை, மீன் வடிவ மரப்பலகை, பிளாஸ்டிக், பித்தளை. பார்வைக்கு நாலும் அழகுதான். ஆறு வயதுப் பேத்தியும் எழுபது வயதுப் பாட்டியும் தினம் எதிரெதிரே உட்கார்ந்து ஆட வேண்டும் என்று வாங்குபவருக்கு இதில் பாதி உதவாது. வாங்கிய மாதமே அலமாரிக்கு மேலே ஏறி, கொலுவுக்கு மட்டும் இறங்கும் பலகைகள் ஏராளம். பிள்ளைகளின் கைப்பேசி மோகத்தின் மேல் பழியைப் போடுவது எளிது. பெரும்பாலும் குற்றம் குழியின் ஆழத்திலோ முத்தின் வழுவழுப்பிலோ இருக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது குழி. ஆளுக்கு ஏழாகப் பதினான்கு குழி. எண்ணிக்கை எல்லாப் பலகையிலும் சரியாகவே இருக்கும். அளவுதான் ஏமாற்றும். பெரியவரின் மூன்று விரல் சேர்ந்து உள்ளே போய், அடிவரை வழித்து, ஒரே அள்ளலில் எல்லா முத்தையும் எடுக்க வர வேண்டும். அதற்குக் குழியின் வாய் 5 செ.மீ. அகலமாவது இருக்க வேண்டும், ஆழம் 2 செ.மீ. ஒட்டி இருந்தால் நல்லது. சுற்றுலாத் தலங்களில் விற்கும் சின்னப் பலகைகளில் வாய் இதைவிட மிகக் குறுகல். ஆட்டம் தொடங்கும்போது குழிக்கு ஐந்து முத்துதான் என்பதால் கடையில் வித்தியாசம் தெரியாது. ஆட்டம் நடக்க நடக்க ஒரே குழியில் பன்னிரண்டு, பதினைந்து என்று சேரும். அப்போது முத்து வழிந்து பக்கத்துக் குழியில் விழும், "அது என்னுடையது" என்று சண்டை தொடங்கும். கடையிலேயே ஒரு குழியில் பதினைந்து முத்தைப் போட்டுப் பாருங்கள். விளிம்புக்கு மேல் குவிந்தால் அந்தப் பலகையை வைத்துவிடுங்கள்.

குழியின் வடிவமும் முக்கியம். கிண்ணம்போல் வளைந்து இறங்க வேண்டும். சில பலகைகளில் இயந்திரத்தால் துளைத்ததுபோல் சுவர் செங்குத்தாகவும் அடி தட்டையாகவும் இருக்கும். ஓரத்தில் ஒட்டிய கடைசி முத்தை எடுக்க நகத்தால் கிள்ள வேண்டியிருக்கும். மூட்டுவலி உள்ள விரலுக்கு இது தண்டனை. பிளாஸ்டிக் பலகையை நாங்கள் பரிந்துரைக்காததற்குக் குழியைவிட எடைதான் காரணம். அள்ளும்போதெல்லாம் பலகை நகரும், ஒரு கை அதைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அடியில் ஈரத்துணி விரித்தால் ஓரளவு நிற்கும். பித்தளை கனமானது, அசையாது. ஆனால் சோழி விழும் ஒவ்வொரு தடவையும் கணீரென்று ஒலிக்கும். காதுகேட்கும் கருவி போட்டிருப்பவருக்கு அரை மணி நேரம் தாங்காது. விலையும் மரத்தைவிடப் பல மடங்கு. சீர்வரிசைக்கு அது பொருத்தம், தினசரி ஆட்டத்துக்கு வேண்டாம்.

மீன் வடிவத்தில் ஒரு சிக்கல். தலைப்பக்கமும் வால்பக்கமும் குறுகுவதால் ஓரக் குழிகளை ஒடுக்கிவிடுகிறார்கள். வால்முனை முதல் முறை கீழே விழும்போதே உடையும். ஆக எஞ்சுவது நீள்சதுர மடக்குப் பலகை. அதிலும் கீலைப் பாருங்கள். இரண்டு பாதியையும் விரித்துத் தரையில் வைத்து நான்கு மூலையையும் மாறி மாறி அழுத்துங்கள். எதிர்மூலை எழும்பினால் கீல் கோணலாக அடிக்கப்பட்டிருக்கிறது, அல்லது மரம் முறுக்கிக்கொண்டிருக்கிறது. நடுவில் இடைவெளி விழும் பலகையில் மஞ்சாடி போன்ற சின்ன முத்து அதற்குள் புகுந்துகொள்ளும். கீலின் திருகாணி முனை அடியில் துருத்துகிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பதும் நல்லது. மூடினால் முத்துகள் உள்ளேயே தங்கும் என்பது மடக்குப் பலகையின் பெரிய வசதி. அதற்குக் கொக்கி இறுக்கமாக இருக்க வேண்டும்.

அடுத்தது முத்து. பலகையோடு வருவதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. கருமரப் பலகையில் புளியங்கொட்டை போட்டால், கண்புரை உள்ளவருக்குக் குழி காலியா நிரம்பியிருக்கிறதா என்றே தெரியாது. வெளிர் மரத்துக்குப் புளியங்கொட்டை, கருமரத்துக்குச் சோழி. சோழி விரலில் நன்றாக நிற்கும், தவறி விழுந்தாலும் ஓடாது. ஆனால் இடத்தை அடைக்கும், பெரிய குழி வேண்டும். மஞ்சாடி பளபளவென்று சிவப்பாகக் குழந்தைகளை ஈர்க்கும், வழுக்கிக்கொண்டு சோபாவுக்கு அடியிலும் போகும். விரல் நடுக்கம் உள்ளவர்களுக்குக் கழற்சிக்காய் நல்ல தேர்வு. பருமன் போதும்.

குன்றிமணி மட்டும் வேண்டவே வேண்டாம். சிவப்பும் கறுப்புமாக அது எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. அதன் உள்ளிருக்கும் அப்ரின் கொடிய நஞ்சு. ஓடு உடையாத விதையை விழுங்கினால் தப்பிக்க வாய்ப்புண்டு. கடித்தாலோ, மணி கோப்பதற்காகத் துளையிட்டிருந்தாலோ ஆபத்து. இலங்கையில் சிங்களவர் புத்தாண்டுக்கு ஆடும் ஒலிந்த கெலிய என்ற இதே வகைக் குழியாட்டத்துக்கு அந்தப் பெயர் வந்ததே குன்றிமணியால்தான். வழக்கம் பழையது என்பதற்காக வாயில் எதையும் போடும் குழந்தை உள்ள வீட்டில் அதைத் தொடர முடியாது. மூன்று வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் வேறெந்த முத்தும்கூட ஆட்டம் முடிந்ததும் எண்ணிப் பூட்டி வைக்க வேண்டியதுதான், தொண்டையில் சிக்கும்.

எண்ணுவதைப் பேத்தியிடம் விட்டுவிடலாம். குழிக்கு ஐந்து என்றால் 70, ஆறு என்றால் 84. பத்து முத்து உபரியாக வைத்துக்கொள்ளுங்கள், எப்படியும் காணாமல் போகும்.

விதிச்சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஆளுக்கு ஆறு குழி, ஓரத்தில் ஒரு கிடங்கு என்று சீட்டில் இருந்தால் அது மன்கலா என்ற வேறு நாட்டுக் குழியாட்டத்தின் விதி. ஏழு குழிப் பலகையில் அது பொருந்தாது. தமிழ்நாட்டில் பரவலாக ஆடுவது இப்படி: தன் பக்கத்துக் குழி ஒன்றை அள்ளி, வலப்பக்கமாக அடுத்தடுத்த குழியில் ஒவ்வொன்றாகப் போட வேண்டும். கை காலியானதும் அடுத்த குழியை அள்ளித் தொடர வேண்டும். அடுத்தது வெறுங்குழியாக இருந்தால் அதைத் துடைத்துவிட்டு, அதற்கும் அடுத்த குழியில் உள்ளதை எடுத்துக்கொள்ளலாம். இரண்டு வெறுங்குழி தொடர்ந்து வந்தால் ஒன்றும் கிடையாது. ஒரு குழியில் நான்கு முத்து சேர்ந்தால் அது பசு. யார் ஆடிக்கொண்டிருந்தாலும் அந்தப் பக்கத்துக்காரர் எடுத்துக்கொள்வார்.

ஊருக்கு ஊர் மாறுவது இதற்குமேல்தான். முத்து எடுத்த குழிக்கு எதிர்க்குழியும் சேருமா, எடுத்தபின் ஆட்டம் தொடருமா நிற்குமா, கடைசியில் பலகையில் மிஞ்சுவது யாருக்கு என்ற மூன்றையும் முதல் முத்தைப் போடும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள். மாமியார் ஊர் விதியும் அம்மா ஊர் விதியும் நடு ஆட்டத்தில் மோதினால் பலகை மடங்கிவிடும்.

புதிதாகக் கற்பவருக்கு ஒரு சோதனை. ஐந்து ஐந்தாகப் போட்டு, எதிர்க்குழி கிடையாது, எடுத்தவுடன் நிறுத்தம் என்று வைத்துக்கொண்டால், முதல் ஆட்டத்தில் எந்தக் குழியைத் தொட்டாலும் கிடைப்பது ஏழு முத்து. எல்லாக் குழியும் சமமாக இருப்பதால் தொடக்கம் எங்கே என்பது பொருட்டே இல்லை. ஐந்து தடவை அள்ளி, 27 முத்து போட்டு, பலகையை இரண்டு சுற்றுக்கு மேல் வந்தபின் வெறுங்குழி கிடைக்கும். ஏழு வரவில்லையென்றால் எங்கோ இரண்டு முத்தைச் சேர்த்துப் போட்டுவிட்டீர்கள், அல்லது ஒரு குழியைத் தாண்டிவிட்டீர்கள். ஆறு ஆறாகப் போட்டாலும் ஏழுதான் வரும், ஆனால் இரண்டே அள்ளலில் வேலை முடிந்துவிடும். எனவே சின்னக் குழந்தைக்கு முதல் வாரம் ஆறாக வைத்துக் கற்றுக்கொடுங்கள். சுற்று குட்டையாக இருந்தால் விதி சீக்கிரம் மனதில் நிற்கும்.

இந்த ஆட்டம் இரண்டு தலைமுறைக்கும் ஒத்துப்போவது ஏன் என்பதும் இங்கேதான் தெரிகிறது. படிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, வேகமாக ஓட வேண்டியதில்லை. ஒவ்வொன்றாகப் போடும்போது குழந்தைக்கு எண் விரலில் ஏறுகிறது. பசு விழுகிறதா என்று எதிராளி ஆடும்போதும் தன் ஏழு குழியையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நான்கை எண்ணாமல் பார்த்தவுடன் சொல்லும் பழக்கம் சில நாளில் வந்துவிடும். அடுத்த சுற்றில் வகுத்தல் வருகிறது. 38 முத்து வைத்திருப்பவர் ஏழு குழியையும் நிரப்பி மூன்றை மிச்சம் வைப்பார். 32 வைத்திருப்பவர் ஆறு குழியை நிரப்பி இரண்டை வைத்துக்கொண்டு ஒரு குழியை மூடுவார். பெரியவருக்கோ விரலுக்கு வேலை, பேச்சுக்கு இடைவெளி, முன்கூட்டிக் கணக்குப்போடும் வேலை. "மறதி நோய் வராமல் தடுக்கும்" என்று அட்டையில் அச்சடித்திருந்தால் அந்த வரியை நம்பிக் காசு கொடுக்காதீர்கள்.

குறையும் உண்டு. பல்லாங்குழியில் அதிர்ஷ்டம் கிடையாது. எண்ணத் தெரிந்த பாட்டி எண்ணத் தெரியாத பேத்தியை ஒவ்வொரு நாளும் தோற்கடிப்பாள். வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தால் குழந்தை கண்டுபிடித்துவிடும், பிறகு ஆட வராது. குழி மூடும் விதியை முதல் மாதம் தள்ளி வைப்பதும், ஒவ்வொரு சுற்றையும் தனி ஆட்டமாக எண்ணுவதும் நேர்மையான வழி. தோற்றதன் சுமை அடுத்த சுற்றுக்குப் போகாது.

அதிர்ஷ்டம் வேண்டுமென்றால் தாயம். கடையில் பித்தளைத் தாயக்கட்டை ஜோடியாகக் கிடைக்கும். ஒவ்வொரு கட்டையின் நான்கு முகத்திலும் ஒன்று, இரண்டு, மூன்று, வெற்றுமுகம். இரண்டும் சேர்ந்து 16 விதமாக விழலாம். அதில் தாயம், அதாவது ஒன்றும் வெற்றுமுகமும், இரண்டே விதம். சராசரியாக எட்டு முறைக்கு ஒன்று. எட்டு முறை உருட்டியும் தாயம் விழாமல் போக ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதால், காய் இறக்க முடியாத குழந்தை அதற்குள் எழுந்து போய்விடும். இத்தனை முறைக்குள் விழாவிட்டால் ஒரு காயை இறக்கலாம் என்று வீட்டு விதி வைப்பதில் தவறில்லை. வாங்கும்போது புள்ளிகள் குழித்து வண்ணம் நிரப்பப்பட்டவையா என்று பாருங்கள். மேலே பூசியது சில வாரத்தில் தேயும். ஒரே கட்டையை நாற்பது முறை உருட்டினால் ஒவ்வொரு முகமும் பத்தை ஒட்டி வர வேண்டும். ஒரு முகம் மட்டும் இருபதைத் தொட்டால் கட்டை கோணல். துணிக் கட்டத்தை மடிக்காமல் சுருட்டி வையுங்கள், மடிப்புக் கோட்டில் காய் நிற்காது. டைல்ஸ் தரையில் நேராக உருட்டினால் தரைக்கும் கீறல், கட்டைக்கும் முனை மழுங்கல்.

ஆடுபுலி ஆட்டம் எட்டு வயதுக்கு மேல். மூன்று புலி, பதினைந்து ஆடு. பதினைந்து ஆட்டையும் இறக்கும்வரை ஒன்றையும் நகர்த்த முடியாது என்பதால் ஆடு வைப்பவருக்குத்தான் பொறுமை அதிகம் வேண்டும். பெரியவர் ஆட்டை எடுத்துக்கொண்டு புலியைக் குழந்தைக்குக் கொடுத்தால் ஆட்டம் சமமாகும். தனிப்பெட்டியாக வாங்கத் தேவையில்லை. அட்டையில் கோடு போட்டு, பல்லாங்குழிக்கு வைத்திருக்கும் புளியங்கொட்டையும் சோழியும் போதும். ஐந்து ஆட்டம் ஒரே பெட்டியில் என்று விற்கும் மெல்லிய பலகைகளை வாங்குவதைவிட ஒரு நல்ல பல்லாங்குழியும் ஒரு ஜோடித் தாயக்கட்டையும் மேல்.

உட்காரும் விதத்தையும் யோசித்துக்கொள்ளுங்கள். முழங்கால் வலிக்கிறவரைத் தரையில் உட்காரச் சொன்னால் ஆட்டம் பத்து நிமிடத்தில் முடியும். சாப்பாட்டு மேசையில் ஒரு பழைய துண்டை விரித்து அதன்மேல் பலகையை வைத்தால் சத்தமும் குறையும், முத்தும் ஓடாது. குழந்தையின் நாற்காலியில் தலையணை போட்டு உயர்த்துங்கள். குழிக்குள் மேலிருந்து பார்க்க முடிய வேண்டும். விளக்கு பெரியவரின் முதுகுக்குப் பின்னால் இருந்தால் அவர் நிழலே குழியை மறைக்கும்.

பராமரிப்பு பெரிதாக இல்லை. மழைக்காலத்தில் மரப்பலகையில் பூஞ்சை பிடித்தால் உலர்ந்த துணியால் துடைத்து நிழலில் காயவைத்து, துளி தேங்காயெண்ணெய் தடவி மீண்டும் துடைத்துவிடலாம். வெயிலில் நேராக வைத்தால் பலகை முறுக்கிக்கொள்ளும். புளியங்கொட்டையில் வண்டு துளைக்கும். சதை ஒட்டாமல் கழுவி, இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, வெறும் வாணலியில் லேசாகச் சூடுகாட்டி எடுத்தால் நாள்படத் தாங்கும். பொடி உதிரும் கொட்டையை உடனே எடுத்து எறியுங்கள், ஒன்று போதும் மற்றதையும் கெடுக்க. அடுத்த புளி உடைப்பின்போது பருமன் ஒத்த கொட்டையாக எண்பது பொறுக்கி வைத்துக்கொண்டால், பழையதை மொத்தமாக மாற்றிவிடலாம்.