பழைய குடும்ப எஸ்யூவி: டீசலா, ஹைப்ரிடா, சாதா பெட்ரோலா?

ஏழெட்டு வருடம் ஓடிய எஸ்யூவி ஒன்றை வாங்கலாம் என்று கிளம்பினால், எந்தக் கம்பெனி என்பதுதான் முதல் கேள்வியாக வந்து நிற்கும். அதைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம். ஒரே கம்பெனியின் ஒரே மாடலில் டீசலுக்கு ஒரு குணம், பெட்ரோலுக்கு ஒரு குணம், பெட்ரோலோடு மின்மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிடுக்கு இன்னொரு குணம். எல்லா வகையையும் பார்த்து அலைந்துவிட்டு நான் வாங்கியது மஸ்டா சிஎக்ஸ்-5: டர்போ இல்லாத 2.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், வழக்கமான ஆறு கியர் ஆட்டோமேட்டிக். பார்த்த வண்டிகளிலேயே எரிபொருளை அதிகம் குடிப்பது இதுதான். தெரிந்தேதான் வாங்கினேன். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

இடவசதி, டிக்கியின் அளவு, ஏர்பேக் எண்ணிக்கை பற்றியெல்லாம் அதிகம் பேசப்போவதில்லை. இந்த அளவு வண்டிகளில் பெரிய வித்தியாசம் கிடையாது. பின்சீட்டில் குழந்தை இருக்கை பொருந்துகிறதா என்று நேரில் போட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். பழைய வண்டியில் உண்மையாகவே பணத்தைத் தின்பது இன்ஜினைச் சுற்றியுள்ள விலை உயர்ந்த பாகங்கள். அவற்றில் எது எப்போது போகும் என்பதை முடிவு செய்வது உங்கள் தினசரி ஓட்டம்.

எங்கள் ஓட்டம் இப்படி: பள்ளிக்கூடம், அலுவலகம், கடை. ஒவ்வொன்றும் ஐந்தாறு கிலோமீட்டர். எப்போதாவது ஒரு நீண்ட பயணம். வருடத்துக்குச் சுமார் 12,000 கிலோமீட்டர்.

முதலில் எரிபொருள் கணக்கைப் பார்த்துவிடலாம். விலை இடத்துக்கு இடம் மாறும் என்பதால் லிட்டரிலேயே போடுகிறேன். நான்கு சக்கர இயக்கமுள்ள 2.5 பெட்ரோல் எஸ்யூவி லிட்டருக்கு 11 கிலோமீட்டர் கொடுத்தால், வருடத்துக்கு ஏறக்குறைய 1,090 லிட்டர். அதே அளவு டீசல் 15 கொடுத்தால் 800. டொயோட்டா ஆர்ஏவி4 ஹைப்ரிட் போன்ற வண்டி 17 கொடுத்தால் 705. ஆக டீசலால் வருடத்துக்கு 290 லிட்டரும், ஹைப்ரிடால் 385 லிட்டரும் மிச்சம். கேட்கப் பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனால் வண்டி வாங்கும்போது கொடுக்கும் கூடுதல் விலையையும், ஒரு பெரிய ரிப்பேர் பில்லையும் இதேபோல லிட்டராக மாற்றிப் பாருங்கள். நான் விசாரித்த இடத்தில் புது டிபிஎஃப் (டீசலின் புகைக்கரி வடிகட்டி) ஒன்றின் விலை மட்டும் டீசலின் நாலு வருட மிச்சத்தை முழுங்கிவிட்டது. எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் செட்டும் போனால் கணக்கு தலைகீழ்.

டீசலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய எஸ்யூவி என்றாலே பலர் முதலில் டீசலைத்தான் தேடுகிறார்கள். இழுவை, மைலேஜ், நெடுஞ்சாலையில் அலட்டிக்கொள்ளாத ஓட்டம் எல்லாம் நிஜம். இருபது வருடத்துக்கு முந்தைய டீசல் ‘எதையும் தாங்கும்’ என்று பேர் வாங்கியதும் நிஜம். ஆனால் அந்தப் பேரை வைத்து இன்றைய டீசலை எடைபோட முடியாது. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையானதும் சைலன்சர் வழியில் புகைக்கரி வடிகட்டி, அதாவது டிபிஎஃப், வந்தது. புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் இஜிஆர் வால்வும் அதன் கூலரும் இருக்கின்றன. ஐரோப்பாவின் யூரோ 6 புகை விதிப்படி வந்த வண்டிகள் பலவற்றில், புகையைச் சுத்தப்படுத்தும் ஆட்புளூ என்ற திரவத்துக்குத் தொட்டி, அதற்கொரு பம்ப், ஒரு ஹீட்டர், சில சென்சார்கள். பல வண்டிகளில் இன்ஜின் அதிர்வைக் குறைக்கும் இரட்டை எடைச் சக்கரம் எனும் டூயல் மாஸ் ஃப்ளைவீலும் உண்டு. இதில் எந்த ஒன்றும் மலிவில்லை.

டிபிஎஃப் கரியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நிறைந்ததும் கம்ப்யூட்டர் கொஞ்சம் டீசலைத் தாமதமாகச் செலுத்தி, புகையின் சூட்டை 600 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஏற்றி அந்தக் கரியை எரிக்கும். இது முடிய வண்டி பத்து, இருபது நிமிடம் ஒரே சீராக ஓட வேண்டும். ஐந்து கிலோமீட்டர் போய் அணைத்தால் பாதியில் நின்றுவிடும். அடுத்த முறை மறுபடி ஆரம்பிக்கும், மறுபடி நிற்கும். தாமதமாகச் செலுத்திய டீசலில் ஒரு பங்கு எரியாமல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி இன்ஜின் ஆயிலில் கலந்துவிடும். ஆயில் குறைவதற்குப் பதிலாகக் கூடிக்கொண்டே போகும். மஸ்டாவின் 2.2 டீசலில் ஆயில் குச்சியில் மேல் கோட்டுக்கும் மேலே ஒரு ‘எக்ஸ்’ குறி இருக்கும். ஆயில் அங்கே வந்துவிட்டால் உடனே மாற்று என்று அர்த்தம். கம்பெனியே எதிர்பார்த்துக் குறி போட்டு வைத்திருக்கிறது.

நான் பார்க்கப்போன ஒரு டீசல் வண்டியில் குச்சியை இழுத்துத் துடைத்து மறுபடி விட்டு எடுத்தேன். ஆயில் மேல் கோட்டைத் தாண்டி ஒரு விரலகலம் நின்றது. தண்ணீர் மாதிரி வழிந்தது, டீசல் வாசனை வேறு. விற்பவரிடம் காட்டினேன். “ஆயில் கூட இருந்தா நல்லதுதானே சார்?” என்றார். உள்ளே பார்த்தால் சீட்டெல்லாம் பிஸ்கட் தூள். பள்ளிக்கூட ஓட்டம்தான். ஓடோமீட்டரில் கிலோமீட்டர் குறைவு என்பதை அவர் பெருமையாகச் சொன்னார். டீசல் விஷயத்தில் எனக்கு அதுதான் பயமாக இருந்தது. நெடுஞ்சாலையிலேயே ஓடிய 1,60,000 கிலோமீட்டர் டீசல், ஊருக்குள்ளேயே சுற்றிய 60,000 கிலோமீட்டர் டீசலை விட நல்ல நிலையில் இருக்க வாய்ப்பு அதிகம்.

நீண்ட தூரம் ஓடினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. ஆஸ்திரேலியாவில் 2015 முதல் 2020 வரை விற்ற டொயோட்டா ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர், பிராடோ டீசல்களின் டிபிஎஃப் அமைப்பே குறைபாடுள்ளது என்று 2022-ல் நீதிமன்றம் சொன்னது. சுமார் 100 கிலோமீட்டர் வேகத்தில் தொடர்ந்து ஓட்டினாலும் அந்த அமைப்பு தன்னைச் சரியாகச் சுத்தம் செய்துகொள்ளவில்லை என்பதுதான் வழக்கே. நம்பகத்தன்மைக்குப் பேர்போன கம்பெனியிலும் இது நடந்திருக்கிறது.

அதற்காக டீசலே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. வருடத்துக்கு 25,000 கிலோமீட்டருக்கு மேல், அதுவும் பெரும்பகுதி நெடுஞ்சாலையில், அல்லது பின்னால் டிரெய்லர் இழுக்கும் ஆள் என்றால் டீசலுக்கு மாற்றே கிடையாது. முந்தைய உரிமையாளர் எங்கே ஓட்டினார் என்று மட்டும் தோண்டித் துருவிக் கேளுங்கள்.

சின்ன டர்போ பெட்ரோல் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 1.2, 1.5 லிட்டர் இன்ஜினில் டர்போவை மாட்டி இந்த எடையை இழுக்கவைக்கிறார்கள். ஹோண்டா சிஆர்-வி 1.5 டர்போவில் குளிர்ப் பகுதிகளில் குறுந்தூரம் ஓடும்போது பெட்ரோல் ஆயிலில் கலந்தது. சீனாவில் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள், அமெரிக்காவின் சில மாநிலங்களில் வாரண்டியை நீட்டினார்கள். பியூஜோ 3008, 5008-ல் வந்த 1.2 பியூர்டெக் இன்ஜினில் டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடும். அது உதிர்ந்து துணுக்குகள் ஆயில் வடிகட்டியை அடைக்கும். மைலேஜும் 2.5 சாதா பெட்ரோலை விடப் பிரமாதமாக உயர்ந்துவிடுவதில்லை, முழுக் குடும்பமும் சாமான்களும் ஏறியதும் டர்போ நன்றாகவே குடிக்கும். எனக்கு இதில் ஆதாயம் தெரியவில்லை.

என்னை உண்மையில் இழுத்தது ஹைப்ரிட்தான். சிக்கலான வண்டி என்று நினைத்துப் போனால், டொயோட்டாவின் அமைப்பில் தனி ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை, ஆல்டர்னேட்டர் இல்லை. சிவிடி (தனித்தனி கியர் இல்லாமல் வழக்கமாகப் பெல்ட்டில் ஓடும் ஆட்டோமேட்டிக்) என்று பெயர் இருந்தாலும் உள்ளே பெல்ட் கிடையாது, கிரகப் பற்சக்கரத் தொகுதி ஒன்றும் இரண்டு மின்மோட்டார்களும்தான். நான்கு சக்கர இயக்கத்துக்காகப் பின் அச்சில் ஒரு தனி மோட்டார், முன்னிருந்து பின்னுக்குச் சுழற்சியைக் கடத்தும் புரொப்பல்லர் ஷாஃப்ட் நடுவில் இல்லை. வேகம் குறைக்கும் வேலையைப் பாதி மோட்டாரே செய்வதால் பிரேக் பேடு வருடக்கணக்கில் உழைக்கும். ஊருக்குள் நின்று நின்று போகிற ஓட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை.

வாங்குகிறவர்கள் இரண்டு இடத்தைப் பார்க்க வேண்டும். பின்சீட்டுப் பக்கம் பேட்டரிக்குக் காற்று இழுக்கும் ஒரு சல்லடை இருக்கும். அதில் தூசியும் நாய் முடியும் அடைத்திருந்தால் பேட்டரி பல வருடம் சூட்டில் வெந்திருக்கிறது என்று பொருள். இன்னொன்று, 2019 முதல் வந்த ஆர்ஏவி4-ல் பின் மோட்டாருக்குப் போகும் உயர் மின்னழுத்தக் கேபிளின் இணைப்பு. பனிக்காலத்தில் சாலையில் உப்புப் போடும் நாடுகளில் அது அரித்துப்போன புகார்கள் வந்து, டொயோட்டா அந்தப் பாகத்துக்கு உத்தரவாதத்தை நீட்டியது.

பிறகு ஏன் வாங்கவில்லை? விலை. அதே வருடம், அதே கிலோமீட்டர் ஹைப்ரிடுக்கும் சாதா பெட்ரோலுக்கும் இருந்த வித்தியாசத்தை லிட்டராக மாற்றினேன். எங்கள் ஓட்டத்துக்கு அது ஆறு வருட மிச்சத்துக்குச் சமமாக வந்தது. அதற்குள் பேட்டரிக்கு வயது பதினான்கு ஆகிவிடும். பதினான்கு வயதுப் பேட்டரியோடு வாழ்ந்த அனுபவம் எனக்கில்லை, ஓட்டியதே நண்பரின் வண்டியைத்தான். ஹைப்ரிட் விஷயத்தில் என் பேச்சை அந்த அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வட்டாரத்தில் விலை வித்தியாசம் மூன்று வருட மிச்சத்துக்குள் அடங்கினால் யோசிக்காமல் அதையே வாங்கலாம்.

இனி என் கட்சி, சாதா பெட்ரோல். டர்போ இல்லை, டிபிஎஃப் இல்லை, ஆட்புளூ இல்லை, பெரிய பேட்டரி இல்லை. டைமிங்குக்குப் பெல்ட் அல்ல, செயின். குறுந்தூரம் ஓடினாலும் அடைத்துக்கொள்ள இதில் வடிகட்டி கிடையாது. நேரடிப் பெட்ரோல் செலுத்தல் என்பதால் இன்டேக் வால்வில் நாளடைவில் கரி படியும், அது இந்த வகையின் குறை. ஆனால் அதைச் சுத்தம் செய்யும் கூலியும் இன்ஜெக்டர் செட் விலையும் ஒரே தட்டில் வைக்கும் அளவல்ல. 2018 வாக்கில் 2.5-ல் இரண்டு சிலிண்டரை அவ்வப்போது தூங்கவைக்கும் வசதி வந்தது. அதன் மென்பொருளுக்காக 2019-ல் அமெரிக்காவில் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். அது வராத முந்தைய வருட வண்டியாகத் தேடி எடுத்தேன்.

உண்மையான விஷயம் கியர்பாக்ஸ். சாதா பெட்ரோல் என்று சொல்லி சிவிடி மாட்டியதை வாங்கினால் இதுவரை சொன்னதெல்லாம் வீண். நிசான் தன் 2014–2018 ரோக் வண்டிகளுக்கு அமெரிக்காவில் சிவிடி வாரண்டியை 60,000 மைலிலிருந்து 84,000 மைலாக நீட்ட வேண்டி வந்தது. பல நாடுகளில் எக்ஸ்-டிரெயில் என்று ஓடுவது அதே வண்டிதான். என் வண்டியில் உள்ளது போன்ற வழக்கமான டார்க் கன்வர்ட்டர் பெட்டி அப்படிச் சட்டென்று கைவிடாது, ஆனால் அதற்கும் ஆயில் வேண்டும். ‘இதுக்கு கியர் ஆயிலே மாத்த வேண்டாம் சார், சீல் பண்ணது’ என்று பல இடங்களில் சொல்வார்கள். பல கம்பெனிகளுக்குக் கியர்பாக்ஸ் செய்து கொடுக்கும் இசட்எஃப், தன் பெட்டிகளுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. செய்தவனே சொல்லும்போது நடுவில் இருப்பவர் பேச்சு எதற்கு?

என் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் கியர் ஆயில் மாற்றிய பதிவே இல்லை. வாங்கியதும் முதல் வேலையாக அதைச் செய்தேன். மஸ்டாவின் எஃப்இசட் ஆயில் புதிதாக இருக்கும்போது நல்ல நீலம். தட்டில் விழுந்தது கறுப்பு. அடியில் இருந்த காந்தத்தில் மாவு போன்ற நைஸ் தூள் ஒட்டியிருந்தது. அது இயல்பான தேய்மானம். சில்லுகளாக இருந்திருந்தால்தான் கவலை. ஒரு முறை வடித்தால் பாதி ஆயில்தான் வெளியே வரும் என்பதால் கொஞ்சம் ஓட்டிவிட்டு இன்னொரு முறையும் மாற்றச் சொன்னேன். மூன்றாவது கியருக்கு விழும்போது இருந்த சின்ன உதறல் போய்விட்டது. இரண்டு முறைக்கும் சேர்த்து ஆன செலவு, பத்திருபது லிட்டர் முன்னே பின்னே, மூன்று டேங்க் பெட்ரோல்.

டயர் செலவு எல்லா வகைக்கும் பொது. 19 அங்குலச் சக்கரம் பார்க்க அழகு, டயர் விலை 17 அங்குலத்தை விட எகிறும். நான்கு சக்கர இயக்கம் என்றால் ஒரு டயர் கிழிந்தாலும் தேய்மானம் ஒத்துப்போகாமல் நாலையும் மாற்ற நேரலாம். பெரும்பாலும் தார்ச் சாலைதான் என்றால் இரு சக்கர இயக்கமே போதும். பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் ரியர் டிஃபரென்ஷியலின் ஆயில் கவலையும் இருக்காது.

மறுவிற்பனையில் ஹைப்ரிட் ஜெயிக்கும், சந்தேகமே இல்லை. டீசலுக்கு நகரங்களில் கட்டுப்பாடுகள் கூடிக்கொண்டே போவதால் எந்தப் பக்கம் போகும் என்று சொல்வது கஷ்டம். சாதா பெட்ரோல் நடுவில் நிற்கும். என்னுடையதை இன்னும் விற்றுப் பார்க்கவில்லை. விற்கும் நாளில் வாங்க வருபவர் கேட்பாரோ இல்லையோ, கியர் ஆயில் பில் இரண்டையும் சர்வீஸ் புத்தகத்துக்குள் செருகி வைத்திருக்கிறேன்.